முதல் சொல்தான் சப்ஜெக்ட் என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாலை நேரத்தில் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து இதில் சப்ஜெக்ட், அதாவது எழுவாய், எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் முதல் சொல்லைக் காட்டுகிறார்கள். பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது, 'ராமு ஈட்ஸ் எ மேங்கோ' மாதிரி வாக்கியங்களையே வருஷக்கணக்கில் பார்த்தால் அப்படித்தான் மனதில் பதியும். 'ஆன் த டேபிள் ஆர் த்ரீ புக்ஸ்' என்று எழுதிப் போடுங்கள், டேபிள் என்பார்கள். மூன்று புத்தகங்கள்தானே அங்கே சப்ஜெக்ட்? 'ஆர்' வந்ததே அதனால்தான்.

என்னைக் கேட்டால் சப்ஜெக்டை முதலில் தேடவே கூடாது, வினையைத்தான் தேட வேண்டும். 'த பாய் சிட்டிங் நியர் த விண்டோ நோஸ் த ஆன்சர்' என்ற வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றச் சொல்லுங்கள். 'சிட்டிங்' அப்படியே இருக்கும், 'நோஸ்' மட்டும் 'நியூ' ஆகும். சரி, வினை கிடைத்துவிட்டது. யாருக்குத் தெரியும் என்று கேட்டால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, ஆக 'விண்டோ' வரைக்கும் முழுக்க சப்ஜெக்ட், 'நோஸ்' தொடங்கி மிச்சமெல்லாம் பிரெடிகேட், அதாவது சப்ஜெக்டைப் பற்றிச் சொல்லும் பகுதி. 'த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ்' என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் மாம்பழத்தைப் பார்த்து 'ஆர் ஹெவி' என்று எழுதுகிறார்களே, கனமாக இருப்பது எது என்று ஒரு கேள்வி கேட்டாலே பெட்டிக்கு 'இஸ்' போட்டுவிடுவார்கள்.

இதில் பாதி அவர்கள் தமிழ் வகுப்பிலேயே படித்ததுதான். 'வா' என்றால் வெளியே சொல்லாமல் மறைந்து நிற்கும் 'நீ' தோன்றா எழுவாய் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, 'ஓபன் த டோர்' வந்ததும் இதில் சப்ஜெக்டே இல்லை என்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடிக்கும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இதைப் பற்றி ஒரு நாளாவது பேசிக்கொள்ளக் கூடாதா?

வேறுபடும் இடங்களையும் தமிழை வைத்தே காட்டலாம். 'வந்தான்' என்று சொன்னாலே வந்தவன் ஆண், ஒருவன் என்று வினையே சொல்லிவிடுகிறது, அதனால் 'அவன்' இல்லாமலும் நமக்கு ஓடும். ஆங்கில வினையில் அந்த வசதி இல்லை. 'இஸ் வெரி ஹாட் டுடே' என்று எழுதும் பையனுக்கு 'இட்' விட்டுப்போனது உறைக்காததற்குக் காரணம் இதுதான். அதே மாதிரி 'அவர் மருத்துவர்' என்பதில் பெயரே பயனிலையாக நிற்கும், அந்தப் பழக்கத்தில் 'ஹீ டாக்டர்' வந்துவிடுகிறது. அப்புறம், தமிழில் செயப்படுபொருளைப் பயனிலையிலிருந்து தனியாகப் பிரிப்போம், ஆங்கிலத்தில் அது பிரெடிகேட்டுக்குள்ளேயே அடங்கும். இதையும் சொல்லாமல் பிரெடிகேட்டுக்குக் கோடு போடச் சொன்னால் பிள்ளை வினைக்கு அடியில் மட்டும்தான் போடும்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சப்ஜெக்டை அடிக்கோடிடச் சொல்லும் கேள்விகளில் இரண்டையாவது, முதல் சொல்லைக் காட்டித் தப்பிக்க முடியாத வாக்கியங்களாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை, கும்பகோணம்