இரண்டு வருட வசிப்பு அட்டை கேட்டு ஒரு மடல்

ஒன்றிய உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பையன்களில் பாதிப் பேர் குறுக்குப்பட்டி, பவளத்தானூரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து வருகிறவர்கள். 2021இல் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, வீடுகளும் கட்டித் தருகிறது. நல்ல காரியம். நான் கேட்க வந்ததோ உங்கள் கையெழுத்தில் நடக்க வேண்டியது.

கோடை சீசனுக்கு முன்னால் ஏற்காட்டு லாட்ஜ்களில் எங்களுக்கு நல்ல வேலை இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவையும் தினம் ஏறி இறங்கினால் கட்டுப்படியாகாது. அங்கேயே தங்கித்தான் பட்டி பார்த்து, எமரி தேய்த்து, இரண்டு கோட் அடிக்க வேண்டும். முகாமில் செக்கிங் என்று போன் வந்தால் போதும், பிரஷ்ஷைத் தின்னரில் போட்டுவிட்டுப் பையன் பஸ்ஸுக்கு ஓடுவான். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அரசு தரும் மாதப் பணக்கொடை நின்றுவிடுமோ என்ற பயம்.

அதே லாட்ஜில் சமையல் மாஸ்டர் நேபாளி. 1950இல் இந்தியாவும் நேபாளமும் போட்ட ஒப்பந்தத்தின் 7வது பிரிவுப்படி அவர் இங்கே தங்கலாம், தொழில் செய்யலாம், சொத்து வாங்கலாம். தசராவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியும் வருகிறார். அவர் நன்றாக இருக்கட்டும் (சாம்பாரில்தான் இன்னும் கை பழகவில்லை). ஆனால் சேலத்தில் பிறந்து, சேலத்திலேயே பன்னிரண்டாவது முடித்த என் பையன் ஏன் வெளிநாட்டவனாகவே இருக்கிறான்?

தென் அமெரிக்காவில் மெர்கோசூர் என்ற வணிகக் கூட்டமைப்பின் நாடுகள் 2002இல் ஒரு வசிப்பு ஒப்பந்தம் போட்டன. 2009இல் அது நடைமுறைக்கு வந்தது. பொலிவியாக்காரர் அர்ஜென்டினாவில் இரண்டு வருடத் தற்காலிக வசிப்புரிமை வாங்க அடையாள ஆவணம், பிறப்புச் சான்று, குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று, இதுபோலச் சில காகிதங்கள் போதும். வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்பதில்லை. இரண்டு வருடம் முடியும்போது நிரந்தர உரிமைக்கு மனுப் போடலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே அந்த நாட்டுக்குள் இருப்பவரும், எந்த வழியாக வந்திருந்தாலும், அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம், அபராதம் கிடையாது.

நம் கதையில் இலங்கையிலிருந்து படகேறி வந்ததுதான் எல்லாவற்றுக்கும் தடை. 2025 மே மாதம், தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். பல வருடத்துக்கு முன்னால் கள்ளத்தனமாக நாட்டைவிட்டுப் போனார் என்பது குற்றமாம். உயிர் பிழைக்க ஓடி வந்தவர் துறைமுகத்தில் முத்திரை குத்திக்கொண்டா வருவார்?

நீங்கள் 2025 செப்டம்பரில் ஓர் ஆணை போட்டீர்கள். 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது என்றீர்கள். சரி, சந்தோஷம். ஆனால் அதைக் காட்டி, வவுனியாவில் இருக்கும் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒருவர் திரும்பி வர முடியாது.

பாதுகாப்பு என்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேலாக வருவாய்த்துறையும், உளவு பார்க்கும் கியூ பிரிவு போலீசும் மாற்றி மாற்றிக் கணக்கெடுத்த ஜனங்கள் இவர்கள். இவர்களைவிட யாருடைய ஃபைல் தடிமனாக இருக்கப்போகிறது? இரண்டு அரசுகளும் சேர்ந்து முடிவெடுப்பதும் புதிதல்ல. 1964இல், இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போன மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை. அவர்களின் பிள்ளைகள் பலர் 1983க்குப் பிறகு இதே முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கேட்கும் வழக்குகள் அவை பாட்டுக்கு நடக்கட்டும். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நடுவில், கொழும்போடு பேசி மெர்கோசூர் மாதிரி ஒரு வசிப்பு ஒப்பந்தம் போடுங்கள். படகில் வந்ததை இரண்டு பக்கமும் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பேச்சு இழுத்தால், உங்கள் ஆணையில் வரும் அதே ஆட்களுக்கு இரண்டு வருட வசிப்பு அட்டையும், ஊருக்குப் போய்த் திரும்ப அனுமதியும் நீங்களே கொடுக்கலாம். அப்புறம், விண்ணப்பப் படிவம் தமிழிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சேலத்துப் பெயின்டிங் கான்ட்ராக்டர் ஒருவர்