மழை தொடங்கிய பிறகு பணி ஆணை எதற்கு?

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரி மலைச் சரிவில் இருக்கும் எங்கள் தெருவின் தடுப்புச்சுவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. கோப்பு உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஆகஸ்டு மழையில் அந்தச் சுவர் பாதிக் கட்டுமானத்திலேயே சரிந்தது. மறுநாள் பொறியாளரும் ஓவர்சியரும் வந்து புகைப்படம் எடுத்துச் சென்றார்கள், மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. பிறகு நாங்கள் கொடுத்த மனுவுக்குக் கடந்த வாரம் பதில் வந்தது. "நிதி பெறப்பட்டவுடன் அடுத்த நிதியாண்டில் பணி மேற்கொள்ளப்படும்" என்று ஒரே வரி.

அடுத்த நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஏப்ரலும் மேயும் சீசன். சாலை முழுக்கச் சுற்றுலா வாகனங்கள் நிற்கும், லாரிகளுக்குக் கட்டுப்பாடு வரும், ஜல்லியும் எம்-சாண்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருவது நின்றுபோகும். எனவே வேலை ஜூனில்தான் தொடங்கும். ஜூனில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த ஆண்டு நீங்களும் பார்த்தீர்கள், நாங்களும் பார்த்தோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். மலைச் சரிவை வெட்டிச் செய்ய வேண்டிய எந்த வேலைக்கும் டிசம்பர் முடிவதற்குள் பணி ஆணை, அதாவது ஒப்பந்ததாரர் வேலையைத் தொடங்குவதற்கான உத்தரவு, கொடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்திருக்கும் மூன்று மாதங்களில் வேலையை முடியுங்கள்.

சுவர் மட்டுமல்ல, எங்கள் படிக்கட்டும் போனது. எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் அக்காவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பழைய படிகள் பாசி பிடித்தவைதான், ஆனாலும் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி இருந்தது. அதைப் பற்றிக்கொண்டு நின்று நின்று அவர் தானாகவே ஏறிவிடுவார். ஜூனில் ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்து, புதிதாகக் கட்டப்போவதாகச் சொல்லிப் படிகளை உடைத்தார்கள், கம்பியையும் பிடுங்கினார்கள். மழை வலுத்ததும் அவர்கள் கலவை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது அக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அதன் இருபுறமும் மூங்கில் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு சேற்றுச் சரிவில் ஏறுகிறார்கள். நால்வரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்துக்கு, தாமதமானால் அன்றைய கூலி போய்விடும். அதனால் விடிவதற்கு முன்பே டார்ச் வெளிச்சத்தில் புறப்படுகிறார்கள். மேலே சாலையோரம் அக்காவை இறக்கிவிட்டு அவர்கள் ஓடுகிறார்கள். வண்டி வரும்வரை அவர் பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கிறார். சிகிச்சை முடிந்து சோர்ந்து திரும்பினாலும் உடனே வீட்டுக்கு இறங்க முடியாது. தூக்குகிறவர்கள் தோட்டத்திலிருந்து வரும்வரை தேநீர்க் கடை பெஞ்சில்தான் இருக்க வேண்டும். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கையில் அடிபடக்கூடாது என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கையை மார்போடு அணைத்தபடியே வருகிறார். நாற்காலி சாய்ந்தால் பிடித்துக்கொள்ள அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரு கைதான். ஒரு முறை சாய்ந்தது. கீழே இருந்தவர் தோள் கொடுத்துத் தாங்கிவிட்டார். அன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

அந்த அக்கா இன்னும் ஒரு நிதியாண்டு காத்திருக்க வேண்டும் என்றுதான் உங்கள் ஒற்றை வரிப் பதில் சொல்கிறது.

தாமதத்துக்கு நடைமுறைதான் காரணம் என்பீர்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) சமர்ப்பிக்க அந்த விதிகள் கேட்கும் குறைந்தபட்ச அவகாசம் 15 நாட்கள். அதற்கு மேற்பட்ட தொகைக்கு 30 நாட்கள். எங்கள் சுவர் 2 கோடிக்கு அருகில்கூட வராது. எனவே சட்டம் எங்களை ஓராண்டு காக்கவைக்கவில்லை. மதிப்பீடு தயாராவதற்கும், தொழில்நுட்ப அனுமதிக்கும், நிர்வாக அனுமதிக்கும், மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இடம் பிடிப்பதற்கும் நடுவே கோப்பு அசையாமல் கிடக்கும் நாட்கள்தான் காக்கவைக்கின்றன. இந்தச் செப்டம்பரில் மதிப்பீட்டை முடித்து, அக்டோபர் கூட்டத்தில் தீர்மானம் வைத்து, நவம்பரில் டெண்டர் கோரினால், டிசம்பரில் பணி ஆணை கையெழுத்தாகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் செய்வதற்கு ஏற்ற வேலை இந்தக் காகித வேலைதான்.

நிதி வரவில்லை என்பதையும் நாங்கள் புரியாமல் பேசவில்லை. மத்திய அரசிடமிருந்து உள்ளாட்சிகளுக்கு வந்த, 2021 முதல் 2026 வரைக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. தடுப்புச்சுவர் போன்றவற்றுக்கு எஞ்சிய 40 விழுக்காட்டிலிருந்தோ, மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்திலிருந்தோ, சொந்த வருவாயிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருந்தது. நெருக்கடி உண்மைதான். ஆனால் பணம் கைக்கு வருவதற்கு முன் மதிப்பீடு தயாரிக்க எந்தத் தடையும் இல்லை. மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி கோரி எழுதவும் தடையில்லை. கோப்பு தயாராக இருக்கும் ஊருக்குத்தான் நிதியும் முதலில் வந்து சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையில் ஒரு சுவரைத் தள்ளிச் சாய்ப்பது பெரும்பாலும் அதன் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். மேலிருந்து வரும் நீரை முதலில் வடிகால் வெட்டித் திருப்ப வேண்டும். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும், நீர் வெளியேறத் துளைக் குழாய்கள் வைக்க வேண்டும். எங்கள் இடத்தில் சுவர் ஒரு டெண்டர், படிக்கட்டு இன்னொரு டெண்டர், வடிகாலுக்கு இதுவரை டெண்டரே கோரப்படவில்லை. மேலே வடிகால் இல்லாமல் கொட்டும் மழையில் எழுப்பிய சுவர் எப்படி நிற்கும்? குறைந்த விலை கேட்டவருக்கு வேலை கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, அது சட்டம். ஆனால் மழைக்கால வேலை என்று தெரிந்தால் நல்ல ஒப்பந்ததாரர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வருகிறவர்களும் பாதியில் நிறுத்தத் தயாராகத்தான் வருகிறார்கள். தயவுசெய்து மூன்றையும் ஒரே வேலையாகச் சேர்த்து, டிசம்பருக்குள் பணி ஆணை கொடுங்கள்.

2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நிலச்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 2019 ஆகஸ்டில் இதே மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இதெல்லாம் நடந்த பிறகும் சமவெளி நகரங்களுக்கு எழுதிய நாட்காட்டியை வைத்தே நம் மலையிலும் டெண்டர் கோருகிறோம் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. 2022-இல் சொத்து வரி உயர்ந்தது, கட்டினோம். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் எல்லாம் கட்டுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்னால் விருந்தினர் வரும் சாலைகளில் குழிகள் அடைபடுகின்றன, தடுப்புக் கம்பிகளுக்கு வண்ணம் பூசப்படுகிறது. தேதி குறித்துவிட்டால் இந்த நகராட்சியால் வேலையை முடிக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. விருந்தினர் வருவது நல்லதுதான், எங்களில் பலருக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் பருவமழையும் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அதன் தேதியைக் குறித்துவைத்து வேலை செய்ய ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

கோபத்தில் சொற்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன. உங்களில் பலரும் இந்த மலையில் பிறந்தவர்கள், இதே சரிவுகளில் வீடு வைத்திருப்பவர்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறோம். வரும் மன்றக் கூட்டத்திலேயே இந்தச் சுவர், வடிகால், படிக்கட்டு ஆகிய மூன்றையும் ஒரே மதிப்பீடாகப் பொருள்நிரலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். டிசம்பர் முடிவதற்குள் பணி ஆணை வழங்குவதாகத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்க வேண்டிய நாள் மூன்றையும் எழுதி எங்கள் தெருமுனையில் ஒரு பலகை வையுங்கள். அதுவரை, உடைத்த படிகளின் இடத்தில் தற்காலிகமாகவாவது மரப்படிகளும் ஒரு கைப்பிடிக் கம்பியும் இந்த வாரமே அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அதற்கு டெண்டர் வரை போகத் தேவையிருக்காது என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
சுவருக்குக் கீழே குடியிருக்கும் குடும்பங்களின் சார்பில்,
உங்கள் வார்டு வாக்காளர் ஒருவர்