ஆடிக் காற்றும் மைலேஜ் டப்பாவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னக் கார்களுக்கு மைலேஜ் கூட்ட என்னென்ன மாட்டலாம் என்று சென்ற இதழில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பெட்ரோல் குழாயில் காந்தம், ஸ்டியரிங் அடியில் சொருகும் சிப், மூடு கூடு இல்லாத திறந்த ஏர் ஃபில்டர். படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

காந்தம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுமாதிரிக் கருவிகள் நூற்றுக்கு மேல் சோதித்துப் பார்த்து, மிகச் சிலவற்றில் மட்டும், அதுவும் சொற்பப் பலன் என்று சொல்லிவிட்டது. ஏர் ஃபில்டர் கதையும் அப்படித்தான். இஞ்செக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். திசையன்விளைப் பக்கம் தேரி மண் பறக்கிற ரோட்டில் திறந்த ஃபில்டரோடு போனால் இஞ்சினுக்குள் என்ன போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த சிப்பை எங்கள் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து காட்டினார். கண் சிமிட்டுகிற மூன்று விளக்கு, அவற்றைச் சிமிட்ட வைக்க ஒரு பொட்டுச் சில்லு. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அட்டையில், '200 கிலோமீட்டர் ஓடிய பிறகே பலன் தெரியும்' என்று போட்டிருக்கிறான் பாருங்கள், அவன் கெட்டிக்காரன். காசு கொடுத்தவர் அந்த 200 கிலோமீட்டரும் மீட்டரில் ஒரு கண் வைத்துப் பதனமாகத்தான் ஓட்டுவார். மைலேஜ் கூடாமல் என்ன செய்யும்?

நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற வண்டியை முகத்தில் அடிக்கும். பணகுடி, காவல்கிணறு தாண்டும்போது ஸ்டியரிங்கே ஆடும். வண்டி 80-ல் போக, எதிர்க்காற்று 30 என்றால் இஞ்சின் 110-க்கு உண்டான காற்றைக் கிழிக்க வேண்டும். எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். நாகர்கோவிலில் அந்தச் சிப் டப்பாவை மாட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவர் அதன் புகழ் பாடுவதில் ஆச்சரியமில்லை!

மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் லாபம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் பாத்திரம் பண்டம் ஏற்றப் போட்ட கேரியர், அடுத்த உத்திரம் வரை கூரையிலேயே கிடந்து காற்றைப் பிடிக்கிறது. முன்னால் இருக்கும் கூடுதல் இரும்பு பம்பர் வெட்டிச் சுமை. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அது கூடாதென்று சொல்லியாயிற்று. 145 மில்லிமீட்டர் அகல டயரோடு வந்த ஆல்டோவுக்கு அழகு பார்த்து 165 போட்டு, உருள்வதையும் கனமாக்குகிறவர்களை என்ன சொல்ல?

அப்புறம், டயர் காற்று. காலையில் வண்டி எடுத்தவுடன் பார்க்க வேண்டும். வெயிலில் ஓடி வந்து பங்கில் நின்றால் நாலு பாயிண்ட் கூடக் காட்டும். பையன் அதை இறக்கிவிடுவான், மறுநாள் டயர் தொய்ந்து நிற்கும்.

அடுத்த முறை இப்படி எதையாவது சிபாரிசு செய்யும் முன், டேங்கை நிரப்பி, போய்த் திரும்பி, அதே பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அந்தக் கணக்கையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வள்ளியூர் வாசகர்