பதினேழு வரை காத்திருந்தவருக்கு

என் மகளுக்கு, வளைந்த முதுகெலும்பை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை நடந்து நாளையோடு ஆறு வாரம் நிறைகிறது. அவளுடைய முதுகு எப்போது வளையத் தொடங்கியது, எத்தனை பாகை வரை போனது, முதுகைத் தாங்கும் பட்டை அணிவித்தும் நிற்காத வளைவுக்கு இந்த முடிவை எப்படி எடுத்தோம் என்பதெல்லாம் இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அந்த மாதங்களில் எங்களோடு சேர்ந்து கவலைப்பட்டவர்கள் நீங்கள். ஆகவே அவற்றை மறுபடியும் எழுதப் போவதில்லை. நன்றி சொல்வதற்காகவே உட்கார்ந்திருக்கிறேன். அதிலும், பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் நான் விட்டுவிட்ட ஓர் இரவுப் பணிச் செவிலியருக்கு முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவரை நான் முதலில் சந்தித்தது நல்ல விதமாக அன்று. அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரவில், மகளின் கையில் ஒரு சிறிய பொத்தானைக் கொடுத்திருந்தார்கள். வலி வரும்போது அவள் அதை அழுத்தினால், அளவு குறித்து வைத்த கருவியிலிருந்து 'மார்பின்' என்ற வலுவான வலி மருந்தில் ஒரு சிறு பங்கு இரத்தக் குழாய் வழியே இறங்கும். நள்ளிரவில் அவள் அரைத் தூக்கத்தில் முனகினாள். விரல் பொத்தானைத் தேடி நழுவியது. அவளுக்குப் பதிலாக நான் அழுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அந்தச் செவிலியர் எங்கிருந்து பார்த்தாரோ, வேகமாக வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அம்மா, இது அவளுடைய பொத்தான். வேறு யாரும் தொடக் கூடாது" என்றார். குரலில் கடுமை இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையின் வலிக்கும் எனக்கும் நடுவே ஓர் அந்நியர் வந்து நிற்கிறார் என்றுதான் அப்போது தோன்றியது.

காரணத்தை அவர் பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தக் கருவியின் பாதுகாப்பு பெரிதும் நோயாளியின் விழிப்பில்தான் இருக்கிறது. மருந்து மிகுந்து உறக்கம் ஆழமானால் அவரால் அழுத்த முடியாது. அழுத்தாவிட்டால் மேலும் மருந்து இறங்காது. உறங்கும் பிள்ளைக்காகத் தாய் அழுத்தினால் அந்தக் காவல் உடைந்துவிடும், மூச்சு மெதுவாகிவிடக்கூடும். பாசத்தால் செய்யும் காரியமே ஆபத்தாக முடியும் இடம் அது. கேட்டுத் தலையாட்டினேன். ஆனால் உள்ளே அந்தச் சுருக் இருந்துகொண்டே இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் இரண்டு நாள்களைப் பற்றி எங்களுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அந்த நாள்களில் மயக்க மருத்துவரின் குழு வலியைப் பல திசைகளிலிருந்து கட்டி வைத்திருந்தது: வேளை தவறாமல் பாரசிட்டமால், நரம்பு வலிக்குக் கபாபென்டின், அவற்றின் மேல் பொத்தானின் மார்பின். ஒரே மருந்தை மிகுதியாகக் கொடுப்பதைவிட வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நல்லது என்றும், அப்போது மார்பினின் தேவையும் அதனால் வரும் குமட்டலும் குறையும் என்றும் சொன்னார்கள். மூன்றாம் நாள் பொத்தானை எடுத்துவிட்டு மாத்திரைகளுக்கு மாற்றினார்கள். முறைப்படி செய்ய வேண்டியதுதான் அது. அவள் முன்னேறுகிறாள் என்பதற்கு அடையாளமும்கூட. ஆனால் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது அந்த இரவுதான். மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை தொடங்க நேரம் பிடிக்கும். அறுவையின்போது எலும்பிலிருந்து விலக்கப்பட்டிருந்த முதுகுத் தசைகள் எந்த அசைவுக்கும் முறுக்கிக்கொண்டு இழுத்தன. அன்று காலைதான் அவள் முதன்முறையாக எழுந்து நின்று, தலைசுற்றலோடு ஆறு அடி நடந்திருந்தாள். மாலைக்குள் அந்த மகிழ்ச்சி முழுவதும் கரைந்துபோயிற்று.

படுத்த நிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில், ஒரு மரத்துண்டு உருள்வதைப் போல, முறுக்காமல் திரும்ப வேண்டும். பகலில் வந்தவர்கள் எல்லோரும் அக்கறையோடுதான் திருப்பினார்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி, மூன்றில் திருப்பினார்கள். அந்த மூன்று வருவதற்கு முன்பே என் மகளின் உடல் முழுவதும் விறைத்துவிடும். விறைத்த தசையைத் திருப்பும்போது வலி இரட்டிப்பாகும்; அடுத்த முறை "ஒன்று" என்ற சொல்லைக் கேட்டதுமே அழத் தொடங்கிவிடுவாள். மூன்றாம் இரவில், திருப்பவே வேண்டாம் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பத்துக்கு எத்தனை வலி என்று யார் கேட்டாலும் பத்து என்றாள்.

அப்போதுதான் அந்த இரவுப் பணிச் செவிலியர் வந்தார். பத்துக்கு எத்தனை என்று கேட்கவில்லை. கட்டிலின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கண்மட்டத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுவந்து, "இந்த வலி இப்போது உன்னை எதைச் செய்ய விடாமல் தடுக்கிறது?" என்று கேட்டார். மகள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்றாள். நான் அவளுடைய முதுகுப் பக்கத்தில் அல்லவா இத்தனை நேரமும் உட்கார்ந்திருந்தேன்! அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாத்திரை கொடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறிப்பேட்டில் சரிபார்த்தார். "இன்னும் இருபது நிமிடத்தில் மருந்து நன்றாக வேலை செய்யும். அப்போது திரும்பலாம். அதுவரை உன்னை யாரும் தொட மாட்டார்கள்" என்றார். சொன்னபடியே இருபது நிமிடம் கழித்து வந்தார். முழங்கால்களைச் சற்று மடக்கச் செய்து இடையில் ஒரு தலையணை வைத்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னை இடுப்பைப் பிடிக்கச் சொன்னார். பிறகு மகளிடம், "இப்போது நான் எண்ணப் போவதில்லை. நீ எண்ணம்மா. எதுவரை வேண்டுமானாலும் எண்ணு. நீ 'இப்போது' என்று சொன்னால்தான் எங்கள் கை அசையும்" என்றார்.

அவள் எண்ணத் தொடங்கினாள். மூன்றைத் தாண்டினாள். ஐந்தில் நின்று அழுதாள். மறுபடி ஆறு என்றாள். எட்டாவது எண்ணுக்கும் ஒன்பதாவது எண்ணுக்கும் இடையே அவ்வளவு நீண்ட இடைவெளி. திருப்பிவிடலாம், முடிந்துவிடும் என்று என் கை துடித்தது. செவிலியரின் கையைப் பார்த்தேன். அது தோளின் மேல் அப்படியே இருந்தது, இழுக்கவும் இல்லை, தளரவும் இல்லை. அந்த வார்டில் அவருக்கு அன்று எத்தனை கட்டில்கள் இருந்தனவோ, எத்தனை மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தனவோ, எனக்குத் தெரியாது. இந்த ஒரு கட்டிலைத் தவிர உலகில் வேறு வேலையே இல்லாதவர் போல நின்றார். பதினேழில் என் மகள் மூச்சை வெளியே விட்டு, "இப்போது" என்றாள். திரும்பினாள். வலித்தது, முகம் சுளித்தது. ஆனால் கதறவில்லை. என்னைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, சிறிது நேரத்தில் உறங்கியும் போனாள்.

அடுத்த முறை ஒன்பது வரை எண்ணினாள். விடியற்காலையில் மறுபடி பதினான்குக்குப் போயிற்று. அவர் ஒவ்வொரு முறையும் காத்திருந்தார்.

அந்த இரவில் வலி குறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மருந்துகள் வலியின் ஒரு பெரும் பகுதியைத் தாங்கின. அவை இல்லாமல் எண்ணிக்கை எதையும் செய்திருக்காது. ஆனால் அறுவை சிகிச்சைக்கான தேதி குறிக்கப்பட்ட நாளிலிருந்து, எப்போது உண்ண வேண்டும், எப்போது எழ வேண்டும், எந்த ஊசி எந்தக் கையில் என்று அவளுடைய உடலுக்கு மற்றவர்கள்தாம் நாள் குறித்துக்கொண்டிருந்தோம். பதினான்கு வயதில், உடல் தன்னுடையது என்று ஒருவர் அறியத் தொடங்கும் பருவத்தில், அது முழுவதும் பிறர் கைக்குப் போய்விட்டது. அவர் அதில் ஒரு சிறு துண்டைத் திருப்பி அவள் கையில் கொடுத்தார். முதல் இரவு என் கையைப் பிடித்து நிறுத்தியதும் அதே செயல்தான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. உள்ளே இருந்த சுருக் அன்றோடு போயிற்று; அதற்குப் பதிலாக இப்போது வெட்கம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எண்ணிக்கை எங்களோடு வந்தது. ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, முழங்கையை ஊன்றி எழும்போது அவள்தான் எண்ணுகிறாள். மருந்து அட்டவணையையும் அவளிடமே கொடுத்தேன். வேளையைப் பார்த்துச் சொல்வது அவள், எடுத்துக் கொடுத்துச் சரிபார்ப்பது நான். வலி ஏறிய பிறகு துரத்திக்கொண்டு ஓடாமல், முதல் வாரங்களில் பாரசிட்டமாலை நேரத்துக்குக் கொடுத்ததும், வலுவான மாத்திரையை மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்ததும் அவ்வாறே நடந்தன. அந்த மாத்திரையால் குடல் மந்தமாகி வந்த மலச்சிக்கல், தழும்பின் வலியைவிட அவளை அதிகமாக அழவைத்தது. அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே விடாமல் கொடுக்கச் சொன்னதன் அருமை அப்போது தெரிந்தது. இரண்டாம் வாரத்தில் காரணமின்றி வந்த அழுகை, முதுகில் ஒரு பகுதி மரத்துப்போயிருப்பது, தோள்பட்டைக்கு நடுவே மாலையில் வரும் வலி என்று ஒவ்வொன்றும் வந்தது; சில போயின, சில இன்னும் இருக்கின்றன. எலும்புகள் ஒன்றோடொன்று முழுமையாக இணைய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்கிறார்கள். குனியவும் முறுக்கவும் எடை தூக்கவும் இப்போது அனுமதி இல்லை. நடக்க மட்டும் தடையில்லை; நாள்தோறும் சற்று அதிகமாக நடக்கிறாள்.

எங்களைத் தாங்கிய மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் நின்று திருகாணிகளையும் கம்பிகளையும் பொருத்திய அறுவை மருத்துவருக்கும், அந்த நேரம் முழுவதும் அவளுடைய நரம்புகளின் சைகைகளைத் திரையில் கண்காணித்துக்கொண்டிருந்தவருக்கும், மயக்க மருத்துவருக்கும், "நாளை ஏழு அடி" என்று விடாமல் வந்து நின்ற இயன்முறை சிகிச்சையாளருக்கும், முன்பின் தெரியாத அவளுக்காக இரத்தம் கொடுத்தவர்களுக்கும், பை சுமக்க வேண்டாம் என்று இன்னொரு தொகுதிப் பாடநூல்களை வகுப்பிலேயே வைக்க ஏற்பாடு செய்த ஆசிரியைக்கும், கேட்காமலே குனிந்து அவள் காலணிக் கயிற்றைக் கட்டிவிடும் தோழிக்கும், இரவில் விழித்திருக்கும் முறையை என்னோடு பங்கிட்டுக்கொண்ட என் தங்கைக்கும் எங்கள் நன்றி. முதுகு நிமிர்ந்ததில் மகள் இப்போது தன் அண்ணனை விடச் சற்று உயரமாகிவிட்டாள். அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்ட அவனுக்கும்.

எனக்கு நானே ஓர் உறுதி செய்துகொண்டிருக்கிறேன். எங்களைப் போல ஒரு குடும்பம் இந்த அறுவை சிகிச்சைக்குப் போவது தெரியவந்தால், முதல் நாளுக்கு எல்லோரும் வருவார்கள், நான் மூன்றாம் இரவுக்குப் போவேன். எதையும் செய்ய அல்ல. அந்தப் பிள்ளையின் தாய் சற்று உறங்கவும், விழித்திருந்தால் கையை அசைக்காமல் காத்திருக்கவும் துணையாக இருக்க.

செவிலியரே, நாளை மறுநாள் பரிசோதனைக்கு வருகிறோம். எங்களுக்குக் குறித்த நேரம் காலைதான். ஆனால் இரவுப் பணி தொடங்கும் வேளையில் மறுபடியும் வர வேண்டும் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். வார்டின் வாசலிலிருந்து உங்கள் மேசை வரை அவள் தனியாக நடந்து வருவாளாம். நான் பின்னாலேயே நின்றுகொள்ள வேண்டுமாம்.