எந்த இடத்தில் மயங்கினீர்கள் என்று சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த ஜாஸ் ஆல்பங்களைப் பட்டியலிட்டிருந்ததைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். இந்த இசைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் படித்து முடித்ததும் மனதில் ஒரு குறை தங்கிவிட்டது. ஆல்பத்தின் பெயர், கலைஞரின் பெயர், வருடம், அவ்வளவுதான். அனுப்பியவர் அதில் எதைக் கேட்டுச் சொக்கிப்போனார் என்று ஒரு வரிகூட இல்லை.

பட்டியலில் நான்கு ஆல்பங்கள் 1959-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்', சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', ஆர்னெட் கோல்மனின் 'த ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்'. ஒரே வருடம்தான், ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. முதலாவதை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறவர், கடைசி ஆல்பத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடக்கூடும். புதிதாகக் கேட்க வருகிறவர் எதிலிருந்து தொடங்குவார்? வெறும் பெயர்கள் அவருக்கு எந்த வழியும் காட்டுவதில்லை.

குழுவின் தலைவரை மட்டும் குறிப்பிட்டிருப்பதும் எனக்கு வருத்தம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் மொத்தம் ஐந்து உருப்படிகள். நான்கில் பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ். இரண்டாவதாக வரும் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' ஒன்றில் மட்டும் விண்டன் கெல்லி. இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள். அதுவரை அமைதியாக யோசித்துக்கொண்டிருந்த பியானோ, அந்த இடத்தில் சட்டென்று துள்ளி நடக்கும். நான் பல முறை கேட்டும் கவனிக்காத விஷயம் இது. ஒரு பெயர் தெரிந்த பிறகுதான் காதில் விழுந்தது.

ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' எனக்கு வசப்பட்டதும் ஒரு நண்பரால்தான். 1964 டிசம்பர் 9 அன்று நால்வர் வாசித்துப் பதிவான ஆல்பம். முதல் மூன்று பகுதிகள் எனக்குப் பிடிக்கும். நான்காவதில் தாளம் பிடிபடாது, சாக்ஸஃபோன் எங்கே போகிறது என்றும் தெரியாது. அதற்குள் எழுந்துவிடுவேன். நண்பர் ஒருநாள் இசைத்தட்டின் உறையை விரித்து மடியில் வைத்தார். கோல்ட்ரேன் எழுதிய பிரார்த்தனைக் கவிதை உள்ளே அச்சாகியிருந்தது. "இதைத்தான் வாசிக்கிறார். கூடவே படி" என்றார். ஒவ்வொரு வரியின்மீதும் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். ஒரு சொல்லுக்கு எத்தனை அசையோ அத்தனை ஸ்வரம். வரி முடியும் இடத்தில் சாக்ஸஃபோனும் மூச்சு வாங்குகிறது. கவிதையின் கடைசிச் சொல்லான 'ஆமென்' வந்தபோது இருவரும் பேசவில்லை. 'கேட்டே ஆக வேண்டிய ஆல்பம்' என்று அவர் அதற்கு முன் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். அந்த விரல் காட்டிய பிறகுதான் எனக்குக் கேட்டது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. ரசிகர்கள் சிலர் கூடி ஆளுக்கொரு ஆல்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் 'டைம் அவுட்' தனக்குப் பிடிக்கும் என்றார். 'டேக் ஃபைவ்' உருப்படியில் டிரம்ஸ் தனியாகப் பேசத் தொடங்கியதும் பியானோ மட்டும் விடாமல் அதே ஐந்து எண்ணிக்கையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் தொலையாமல் இருந்தேன் என்று சொல்லி, மேசையில் 'தகிட தக, தகிட தக' என்று தட்டிக் காட்டினார். எவ்வளவு நல்ல கேள்வி ஞானம்! அந்த உருப்படியை எழுதிய பால் டெஸ்மண்ட், டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவுக்கு இடம் கொடுக்கத்தான் அதை எழுதினார். இளைஞர் நேராக அங்கே போய் நின்றிருக்கிறார். ஆனால் மூத்த ரசிகர் ஒருவர், "அதெல்லாம் ஜாஸே இல்லை, எல்லாருக்கும் தெரிந்த மெட்டு" என்று முடித்துவிட்டார். இளைஞர் அப்புறம் வரவே இல்லை. அன்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். இதழுக்கு ஒரு வாசகர், ஒரே ஒரு ஆல்பம் என்று கால் பக்கம் ஒதுக்குங்கள். வாசித்த அத்தனை பேரின் பெயரும் பதிவான தேதியும் இருக்கட்டும். எந்த உருப்படியில் எந்த இடம் என்று எழுதச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்கிறவர்களையும் எழுத விடுங்கள், காரணத்தோடு. கோல்மனின் ஆல்பத்தில் பியானோவே கிடையாது. சாய்ந்துகொள்ளத் தூண் இல்லாத வீடு மாதிரி அது எனக்குப் பல காலம் பதற்றத்தைத் தந்தது. அதை யாராவது அச்சில் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, முதல் கால் பக்கத்துக்கு என் பங்கு இதோ. 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்'. பதிவான நாள் 1961 ஜூன் 25, இடம் நியூயார்க்கில் உள்ள வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப். பியானோ பில் எவன்ஸ், பேஸ் (அடிநாதம் தரும் பெரிய நரம்பு வாத்தியம்) ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன். கடைசி உருப்படியான 'ஜேட் விஷன்ஸ்' லஃபாரோ எழுதியது. பியானோவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அடியில் மெல்ல நகரும் பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஆல்பத்தில் ஆங்காங்கே கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சத்தமும் யாரோ பேசுவதும் கேட்கும். அந்தப் பதிவுக்குப் பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். வயது 25.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்