லோட்டே ரெய்னிகர் எடுத்தது பாவைக்கூத்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கார்ட்டூன் படங்களின் வரலாறு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், நிழலுருவ அட்டைப் பாவைகளை வைத்து கார்ட்டூன் படம் எடுத்த ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரெய்னிகருக்கு ஒரே ஒரு வரி. அதிலும் பிழை: ‘நிழல் பாவைக்கூத்தைப் படம்பிடித்த பொம்மைக் கலைஞர்’ என்றிருக்கிறது. கூத்தில் பாவை ஆடும், கேமரா ஓடினால் போதும். 1899இல் பெர்லினில் பிறந்த இந்த அம்மையாரின் பாவைகள் ஆடியதே இல்லை. கண்ணாடி மேல் படுத்துக் கிடந்தன.

கறுப்பு அட்டையில் தலை, உடல், மேற்கை, முன்கை, தொடை, கால் என்று தனித்தனியாக வெட்டுவார். கத்தரி பிடித்த கை அசையாது. இடக்கைதான் அட்டையைத் திருப்பிக்கொண்டே வரும். மூட்டுகளில் துளையிட்டு மெல்லிய கம்பி கோத்து முடுக்குவார். மூட்டு தளர்ந்தால் விரல் பட்டதும் கை சரியும். இறுகினால் முழங்கையை அசைக்கும்போது தோளும் கூடவே வரும். அட்டை எழும்பாமல் படிந்து கிடக்க ஈயத் தகடு. கண்ணாடிக்கு அடியில் விளக்கு, மேலே குனிந்து பார்க்கும் கேமரா. தூரத்து மலைக்கு மெல்லிய தாள் ஓரடுக்கு, கிட்டத்து மரத்துக்குப் பல அடுக்கு. அடுக்கு ஏற ஏற இருட்டும் ஏறும். குளோசப்புக்கென்று பெரிய பாவை வேறு.

மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொன்று. நடுவில் முழங்கை தட்டிவிட்டால் பழைய இடம் பிடிபடாது. அந்தக் காட்சி போயிற்று.

இப்படி அவர் எடுத்த ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’ 65 நிமிடம். நொடிக்கு 18 படம் என்று வைத்தாலும் 70,200 வருகிறது. பெர்லினை அடுத்த போட்ஸ்டாமில் லூயி ஹாகன் என்ற வங்கியாளர் வீட்டு கார் கொட்டகையின் மேல்மாடியில், 1923 முதல் 1926 வரை இந்த வேலை நடந்தது. கேமரா, கணவர் கார்ல் கோக்.

முதல் முழுநீள கார்ட்டூன் 1937இல் வந்த டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ என்று அதே கட்டுரை சொல்வதும் சரியல்ல. அர்ஜென்டினாவில் குவிரினோ கிறிஸ்தியானி 1917இலேயே ஒன்று எடுத்துவிட்டார். அதன் பிரதி இன்று இல்லை. மிஞ்சியிருப்பவற்றில் மூத்தது ரெய்னிகருடையதுதான். அதற்கும் மூல நெகட்டிவ் அழிந்துபோனது. இப்போது நாம் பார்ப்பது லண்டனில் தப்பிய சாயமேற்றிய பிரதியிலிருந்து மீட்டது. திரையில் தெரியும் நீலமும் மஞ்சளும் அந்தச் சாயம்தான், பாவைகள் என்னவோ கறுப்பு.

திருத்தம் வெளியிடும்போது, ‘பொம்மைக் கலைஞர்’ என்பதை ‘இயக்குநர்’ என்று மாற்றிவிடுங்கள்.

வாசகர்,
நாகர்கோவில்