விழுந்த மரத்தைப் பூங்காவிலேயே மக்க விடவும், பட்ட தென்னையை மட்டும் உடனே அகற்றவும் கோரிக்கை

அனுப்புநர்: அல்சூர் வட்டாரக் குடியிருப்போர், பெங்களூரு
பெறுநர்: தோட்டக்கலைப் பிரிவு அதிகாரி அவர்கள், பெங்களூரு

பொருள்: பூங்காக்களில் பட்ட மரங்களைக் கையாளும் முறை

மதிப்பிற்குரிய ஐயா,

ஏப்ரல், மே மாதக் காற்றுமழையில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் சாய்ந்தால், தூர்வரை அறுத்து லாரியில் ஏற்றுவதே வழக்கம். நடைபாதையில் விழுந்ததை எடுத்தே ஆகவேண்டும். பூங்காவின் உள்ளே விழுந்ததில் ஒரு பங்கையாவது அங்கேயே விட்டுவைக்க வேண்டுகிறோம்.

மக்கும் கட்டையில்தான் பல நீள்கொம்பு வண்டுகளும் மலர்வண்டுகளும் முட்டையிடுகின்றன. அவற்றின் புழுக்கள் மரத்தைத் தின்று தூளாக்கி மண்ணில் சேர்க்கின்றன. கதவு நிலையைத் துளைத்து மாவாக உதிர்க்கும் வண்டு வேறு. அதற்குக் காய்ந்த மரம் வேண்டும். நன்றாக மக்கிய ஈரக்கட்டையில் வளரும் புழுவுக்கு வீட்டுக் கதவு உணவாகாது. ஆகவே அந்தப் பயத்தில் மருந்தடிக்க வேண்டாம்.

தென்னை மட்டும் விலக்கு. பட்ட தென்னை, அதன் அடிக்கட்டை, கிளறாத எருக்குழி இவை மூன்றும் காண்டாமிருக வண்டின் பிறப்பிடம். அதன் வெள்ளைப் புழு அங்கே மாதக்கணக்கில் வளர்ந்து, வண்டானதும் பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடைகிறது. விரியும் மட்டை கத்தரித்த விசிறிபோல் தெரிந்தால் அதுதான் அடையாளம். அந்தக் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிட்டால் மரமே போய்விடும். எனவே பட்ட தென்னையை நிற்கவிடாமல் வெட்டி, நெடுக்காகப் பிளந்து வெயிலில் உலர்த்தியோ, அகற்றியோ, தூரையும் தோண்டி எடுக்க வேண்டும். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதோடு, அவற்றைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையையும் கலக்கலாம். மாமரக் கட்டையும் உயிருள்ள மாமரத்தின் அருகே வேண்டாம்; தண்டுத்துளைப்பான் வண்டு பரவக்கூடும்.

மற்ற மரங்களில் ஓரடிக்கும் மேல் குறுக்களவுள்ள கட்டைகளை நாலைந்து அடி நீளத்தில் அறுத்து, பட்டை உரிக்காமல், நிழலில், மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதையுமாறு மூன்று நான்காகச் சேர்த்துப் போட்டால் போதும். சிமெண்ட் தளத்தில் போட்டால் ஈரம் ஏறாது. வெயிலில் போட்டால் பட்டை கழன்று புழு காய்ந்து சாகும். பொந்துள்ள கட்டையை வாய் கீழ்நோக்கியிருக்குமாறு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பிடிக்கும். கறையான் வரும் என்பதால் கட்டடங்களிலிருந்து முப்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். சில புழுக்கள் வண்டாக ஓராண்டுக்கும் மேல் ஆகும்; ஆண்டுதோறும் 'சுத்தம்' செய்தால் ஒரு தலைமுறையும் தேறாது. குறைந்தது ஐந்தாண்டு தொடாமல் விடுங்கள்.

மக்கள் நடமாட்டம் இல்லாத மூலையில் நிற்கும் பட்ட மரத்தைக் கிளை கழித்துப் பத்தடி உயரத்தில் மொட்டையாக விடலாம். உளுத்த மரத்தில்தான் குக்குறுவான் பறவை பொந்து குடையும்.

வரும் கோடைமழைக்குள் ஒரு பூங்காவிலாவது இதைத் தொடங்கி, துப்புரவுப் பணியாளர்களுக்கும் தெரிவித்து, கட்டைகளின் அருகே கன்னடத்தில் ஒரு பலகை வைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இம்மனுவின் கன்னட நகல் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
அல்சூர் வட்டாரக் குடியிருப்போர்